தூசி, சாவிக்கொத்து, வெள்ளைக் கையுறை: சினிமா காட்டும் ஆவணக் காப்பாளர்

கதாநாயகன் ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்குகிறான். மங்கலாக ஒரு பல்பு எரிகிறது. மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் சாவிக்கொத்தோடு வந்து, இங்கே ஆள் வந்தே முப்பது வருஷம் ஆச்சு என்கிறார். கதாநாயகன் ஒரு காகிதக் கட்டை உருவி அதன்மேல் ஊதுகிறான், தூசி பறக்கிறது, முதல் பக்கத்திலேயே அவன் தேடி வந்தது இருக்கிறது.

இதை எத்தனை மொழிப் படங்களில் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்தப் பெரியவருக்குப் பெரும்பாலும் பெயர்கூட இருக்காது. இரண்டு வசனம், ஒரு இருமல், அவ்வளவுதான் அவர் பாத்திரம். அவர்தான் ஆவணக் காப்பாளர். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் பழைய காகிதத்தைப் பத்திரமாகப் பூட்டி வைப்பவர் என்பார்கள் பலரும். சிலர் நூலகர் என்பார்கள். ஈமெயிலில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு 'ஆர்க்கைவ்ல போட்டுட்டேன்' என்கிறவர்களும் உண்டு, அவர்கள் சொல்வது கண்ணுக்குத் தெரியாமல் ஒதுக்கிவிட்டேன் என்பதை. மூன்றுமே தப்பு, ஆனால் மூன்று விதமான தப்பு. படங்களையும் நாவல்களையும் வைத்தே அதைப் பார்த்துவிடலாம்.

தாத்தாவின் இரும்புப் பெட்டி

எங்கள் தாத்தா சின்ன அளவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். அவருடைய இரும்புப் பெட்டியில் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு கட்டு இருக்கும்: புரோநோட்டு, அது சம்பந்தமாக வந்த கடிதம், வட்டி வரவு எழுதிய துண்டுச் சீட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வெள்ளை நூல். அவர் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா உட்கார்ந்து பெட்டியை 'ஒழுங்கு' பண்ணினார். நூலையெல்லாம் அறுத்துப் போட்டுவிட்டு, கடிதங்கள் ஒரு பக்கம், முத்திரைத்தாள்கள் ஒரு பக்கம், சீட்டுகள் ஒரு பக்கம் என்று அடுக்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு காகிதம்கூடத் தொலையவில்லை. ஆனால் 'மேற்படி பாக்கி பைசலாச்சு' என்று மட்டும் எழுதியிருந்த சீட்டு எந்தக் கடனுக்கானது என்று அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை.

விஷயம் காகிதத்தில் பாதிதான் இருந்தது. மீதி அந்த நூலில் இருந்தது.

ஆவணக் காப்பாளர் என்பவர் அந்த நூலைக் காப்பாற்றுகிற ஆள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் விதிகள் இரண்டு. ஒருவரிடமிருந்து, அல்லது ஒரு அலுவலகத்திலிருந்து, வந்த காகிதங்களை இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது. எங்கிருந்து வந்தது என்ற இந்த அடையாளத்துக்குத் தோற்றுவாய் என்று பெயர். வந்த காகிதங்களை அவற்றை வைத்திருந்தவர் எப்படி அடுக்கியிருந்தாரோ அப்படியே விட வேண்டும். இது மூல ஒழுங்கு. முதல் விதி புதிதல்ல, பிரான்ஸில் 1841-லேயே அரசு சுற்றறிக்கையாகப் போட்டார்கள். அதற்கு முன்பு அங்கே பல காப்பகங்களில் நடந்தது பெரியப்பா செய்த வேலைதான், பெரிய அளவில்.

ஆவணம் என்ற சொல்லையும் இங்கேயே பிரித்துக்கொள்வோம். புத்தகம் யாரோ படிப்பதற்காக எழுதப்படுவது. ஆவணம் ஒரு காரியம் நடக்கும்போது, அந்தக் காரியத்துக்காகவே உண்டாகி, பின்னால் அது நடந்ததற்குச் சாட்சியாக நின்றுவிடுவது. கல்யாண மொய் நோட்டை யாரும் வருங்கால ஆய்வாளருக்காக எழுதுவதில்லை. ஆனால் ஐம்பது வருஷம் கழித்து அதைத் திறந்தால் யார் யாரோடு சேர்ந்து வந்து எழுதினார்கள், எந்த ஊர்க்காரர்கள் வந்தார்கள், எந்தப் பங்காளி வரவில்லை என்பதெல்லாம் வரிசையிலேயே தெரியும். அதை அகரவரிசைப்படுத்தினால் தேடுவதற்கு வசதியாக இருக்கும், சாட்சி செத்துவிடும்.

சுருக்கமாக: நூலகத்தில் புத்தகங்கள் எதைப் பற்றியவை என்று பார்த்து அடுக்குகிறார்கள், அங்கே ஒரு பிரதி போனால் இன்னொன்று வாங்கலாம். காப்பகத்தில் காகிதங்கள் யாருடையவை என்று பார்த்து வைக்கிறார்கள்; அங்கே ஒன்று போனால் போனதுதான்.

கதவில் நிற்கும் ஆள்

சினிமாவுக்கு ரொம்பப் பிடித்தது காவல்காரத் தோரணைதான். 1941-ல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தில் ஒரு நிருபர், செத்துப்போன வங்கி முதலாளி தாட்சரின் அச்சாகாத நினைவுக்குறிப்புகளைப் படிக்க அவர் பெயரிலான நூலகத்துக்குப் போகிறார். கல்லறை மாதிரி ஒரு அறை, நீளமான ஒரு மேசை, மேலிருந்து விழும் வெளிச்சம். இரும்புக் குரலில் ஒரு பெண்மணி நிபந்தனைகளை ஒப்பிக்கிறார்: கையெழுத்துப் பிரதியிலிருந்து நேரடியாக மேற்கோள் காட்டக் கூடாது, 83 முதல் 142 வரையுள்ள பக்கங்களை மட்டும்தான் படிக்கலாம், நாலரைக்கு வெளியே போய்விட வேண்டும். காவலாளி பெட்டகத்திலிருந்து பிரதியை எடுத்து வந்து வைக்கிறார், ஏதோ நகையைக் கொண்டு வருவது போல.

பார்க்கச் சிரிப்பாக இருக்கும், கேலிக்காகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த அம்மாளை நான் கொஞ்சம் ஆதரிப்பேன். அந்த நிபந்தனைகள் அவர் கண்டுபிடித்தவை அல்ல, நூலகத்தின் இயக்குநர்கள் போட்டவை. நிஜக் காப்பகங்களிலும் விதிகள் உண்டு: பையை வெளியே வை, பேனா வேண்டாம் பென்சில் எடு, ஒரு நேரத்தில் ஒரு பெட்டி. திரையில் பிடிவாதமாகத் தெரிவது உண்மையில் பெரும்பாலும் இரண்டு பயங்கள்தான். ஒன்று, மை கொட்டிவிடும், காகிதம் காணாமல் போய்விடும். இன்னொன்று, இரண்டு பெட்டியைச் சேர்த்துத் திறந்தால் காகிதம் மாறிப்போய், நூல் அறுந்துவிடும்.

காவல்காரத் தோரணையின் இன்னொரு பக்கம் அகங்காரம். 2002-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்: அட்டாக் ஆஃப் த குளோன்ஸ்' படத்தில் ஜெடாய் என்ற வீரர் கூட்டத்தைச் சேர்ந்த ஓபி-வான், கமினோ என்ற கிரகத்தைத் தேடி அந்தக் கூட்டத்தின் காப்பகத்துக்குப் போகிறார். வரைபடத்தில் அது இல்லை. காப்பாளர் ஜொகாஸ்டா நூ, எங்கள் பதிவுகளில் இல்லையென்றால் அது இல்லவே இல்லை என்கிற தொனியில் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார். கடைசியில் ஒரு குட்டிப் பையன் விடை சொல்கிறான்: யாரோ அழித்திருக்கிறார்கள். கிரகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈர்ப்பு விசை மட்டும் மிச்சம் இருக்கிறது, அதை அழிக்க முடியவில்லை.

அந்தப் பையன்தான் அந்தப் படத்தின் நல்ல ஆவணக் காப்பாளர் என்பது என் கட்சி. ஏனென்றால் இந்த வேலையில் இருக்கிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, பதிவு இல்லாததும் ஒரு தகவல் என்பதை. 14-ம் எண் கோப்புக்கு அடுத்து 16 வந்தால், 15 எங்கே என்ற கேள்வி பெட்டிமேலேயே எழுதப்பட வேண்டும். எங்களிடம் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று சொல்கிறவர், எவ்வளவு படித்திருந்தாலும், அந்த நாற்காலிக்குப் பொருத்தமில்லாதவர்.

'ரகசியம்' என்று பலகை மாட்டியது யார்?

பூட்டு என்றாலே ரகசியம் என்று கதைக்காரர்கள் எழுதிவிடுகிறார்கள். இதில் ரொம்ப அடிபட்டது வத்திக்கான். 'ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்' படத்தில் அந்தக் காப்பகம் காற்று உறிஞ்சப்பட்ட கண்ணாடி அறைகளோடு வருகிறது. கலிலியோவின் புத்தகத்திலிருந்து ஒரு தாளை நாயகி கிழித்தே எடுத்துவிடுகிறார். (அந்த ஒரு நொடிக்குத் தியேட்டரில் இருந்த எந்த ஆவணக் காப்பாளருக்கும் நெஞ்சு அடைத்திருக்கும்.)

உண்மை இன்னும் சாதாரணம். அந்தக் காப்பகத்தின் பெயரில் இருந்த 'செக்ரெத்தும்' என்ற லத்தீன் சொல்லுக்கு அங்கே 'அந்தரங்கமானது', அதாவது போப்பின் சொந்தக் காப்பகம், என்றுதான் பொருள். ஆய்வாளர்களுக்கு 1881-லேயே திறந்துவிட்டார்கள். பெயரால் வந்த தொல்லை போதும் என்று 2019 அக்டோபரில் போப் பிரான்சிஸ் 'ரகசிய' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'அப்போஸ்தலிக்க' என்று மாற்றினார். சுமார் 85 கிலோமீட்டர் நீளத்துக்கு அலமாரிகள் உள்ள இடம் அது, ஒரே ஒரு ரகசியத்தை அதில் வைத்தால் வைத்தவருக்கே கிடைக்காது.

அப்படியானால் எதையுமே மூடி வைப்பதில்லையா? வைக்கிறார்கள். ஆனால் அதற்குத் தேதி உண்டு. இத்தனை வருஷம் வரை யாருக்கும் காட்டுவதில்லை என்று முன்கூட்டியே குறித்துவிடும் இந்தக் காலத்தை மூடுகாலம் எனலாம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனித்தனி ஆட்களைப் பற்றிய தாள்களுக்கு அது 72 வருஷம். 1950-ல் எடுத்த கணக்கு 2022 ஏப்ரலில்தான் திறந்தது.

இதிலே ஒரு கதை, நாவலும் நிஜமும் மோதிக்கொண்டது. கவிஞர் டி.எஸ். எலியட், எமிலி ஹேல் என்ற பெண்மணிக்கு எழுதிய 1,131 கடிதங்களை ஹேல் 1956-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இருவரில் கடைசியாக இறப்பவருக்குப் பின் 50 வருஷம் கழித்துத்தான் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எலியட் 1965-லும் ஹேல் 1969-லும் இறந்தார்கள். கடிதங்கள் மூடிக் கிடந்த காலத்திலேயே, 1998-ல், மார்த்தா கூலி என்பவர் 'ஆவணக் காப்பாளர்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நாவல் எழுதினார். அதில் அந்தக் கடிதங்களைக் காவல் காக்கும் காப்பாளரே கடைசியில் அவற்றைக் கொளுத்திவிடுகிறார்.

நாவலாக அது நல்ல முடிவுதான், மனசாட்சி அது இது என்று நிறையப் பேசலாம். ஆனால் பிரின்ஸ்டனில் நடந்தது என்ன? ஒன்றுமே நடக்கவில்லை. வருஷக்கணக்கில் அந்தப் பெட்டிகள் அப்படியே இருந்தன, பொறுப்பில் இருந்தவர்கள் மாறினார்கள், ஓய்வு பெற்றார்கள், யாரும் எட்டிப் பார்த்ததாகச் செய்தி இல்லை, 2020 ஜனவரி 2-ம் தேதி சொன்னபடி திறந்தார்கள். கொளுத்தியவர் எலியட்தான்: ஹேல் தனக்கு எழுதிய கடிதங்களை எரித்துவிடச் சொன்னவர் அவர். ஒன்றுமே நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலை என்றால் அதை எப்படிப் படமாக எடுப்பது என்பது இயக்குநர்களின் கஷ்டம், புரிகிறது.

ஊதினால் கிடைக்காது

இனி அந்த முதல் காட்சிக்கு வருவோம். கட்டை உருவினான், ஊதினான், கிடைத்தது. எப்படிக் கிடைத்தது? லட்சம் பெட்டியில் எந்தப் பெட்டி என்று அவனுக்கு யார் சொன்னது?

அதைச் சொல்வது விவரப்பட்டியல். ஒரு தொகுப்பு யாருடையது, எப்படிக் காப்பகத்துக்கு வந்தது, எத்தனை பெட்டி, எந்தப் பெட்டியில் எந்த வருஷத்து எந்த வகைக் காகிதம் என்று எழுதி வைக்கும் கையேடு அது. காப்பாளரின் வேலை நேரத்தில் பெரும்பங்கு இதற்கே போகிறது. மாதக்கணக்கில் உட்கார்ந்து, ஆணியும் கிளிப்பும் பிடுங்கி, அமிலம் இல்லாத உறைகளில் மாற்றி, 'கடிதப் போக்குவரத்து, 1931–34' என்று எழுதிக்கொண்டே போகிற வேலை. பின்னால் ஒருவர் வந்து அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தால் பத்திரிகையில் 'புதையுண்டு கிடந்த கடிதம் கண்டுபிடிப்பு' என்று வரும். அந்தக் கடிதத்துக்கு முன்பே ஒருவர் எண் போட்டிருப்பார்.

இதைத் திரை சரியாகக் காட்டியது, எதிர்மறையாக: 1981-ன் 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' கடைசிக் காட்சி. உலகத்தையே புரட்டிப்போடும் பேழையை மரப்பெட்டியில் அடைத்து, ஆணி அடித்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே மாதிரிப் பெட்டிகள் நிற்கும் கிடங்குக்குள் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பொருள் பத்திரமாக இருக்கிறது, பூட்டும் இருக்கிறது, கட்டடமும் இருக்கிறது. ஆனாலும் அது தொலைந்துவிட்டது. பட்டியல் இல்லாத காப்பகம் இப்படித்தான் இருக்கும். நம் ஊர் ரெக்கார்ட் ரூம்களில் துணி மூட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

'நேஷனல் ட்ரெஷர்' (2004) இதைவிட வேடிக்கை. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் பெண்மணி ஒருவர் கதாநாயகனோடு சேர்ந்துகொள்ள, சுதந்திரப் பிரகடனத்தின் முதுகில் எலுமிச்சைச் சாறு தடவிச் சூடு காட்டி மறைந்திருக்கும் எழுத்தை எடுப்பார்கள். நிஜப் பிரகடனத்தின் பின்புறத்தில் எழுத்து இருக்கத்தான் செய்கிறது, வெறும் கண்ணுக்கே தெரியும்: 'சுதந்திரப் பிரகடன மூலம், தேதி 4 ஜூலை 1776' என்று அடியில் தலைகீழாக எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் பிரகடனம் எழுதிய தோலைச் சுருட்டி வைத்திருந்தார்கள், சுருட்டினால் வெளியே தெரியும்படி யாரோ எழுதிய பெயர்ச்சீட்டாக இருக்கலாம் என்று காப்பகத்தாரே சொல்கிறார்கள். எனக்கு இதுதான் புதையல் வரைபடத்தைவிடப் பிடித்திருக்கிறது: ஊர் பேர் தெரியாத ஒருவர், பின்னால் தேடுகிறவருக்கு உதவுமே என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நேர்மையாகக் காட்டிய படமும் இருக்கிறது. 'ஸ்பாட்லைட்' (2015) படத்தில் பாஸ்டன் நிருபர்கள், குழந்தைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்த பாதிரியார்களைக் கண்டுபிடிக்க, கத்தோலிக்க மறைமாவட்டத்தின் பழைய முகவரிப் புத்தகங்களை வருஷம் வருஷமாக எடுத்து வைத்துக்கொண்டு, 'மருத்துவ விடுப்பு' போன்ற சொற்களோடு திரும்பத் திரும்ப இடம் மாற்றப்பட்ட பாதிரியார்களை வரி வரியாக அளவுகோல் வைத்துக் குறிக்கிறார்கள். ஒரு தனிப் புத்தகத்தில் எந்த ரகசியமும் இல்லை. தொடர்ச்சியாக எல்லா வருஷமும் ஒரே இடத்தில் இருந்ததால்தான் அந்த ஒழுங்கு கண்ணில் பட்டது. தூசி ஊதும் காட்சி ஒன்றுகூட இல்லாமல் பதற்றமாக எடுத்திருக்கிறார்கள், ஆகவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

இதுவரை வந்ததைச் சேர்த்தால்: தோற்றுவாயும் மூல ஒழுங்கும் காகிதத்தின் சாட்சியைக் காக்கின்றன, மூடுகாலம் ஆட்களின் அந்தரங்கத்தைக் காக்கிறது, விவரப்பட்டியல் தேடுகிறவரைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

யாரும் படமாக எடுக்காத வேலை

எதைத் தூக்கிப் போடுவது என்று முடிவெடுப்பதும் ஆவணக் காப்பாளர்தான். இதைக் கேட்டால் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். அமெரிக்க அரசின் அன்றாட வேலையில் உண்டாகும் ஆவணங்களில் 1 முதல் 3 சதவீதம் மட்டுமே நிரந்தரமாக வைக்கப்படுகிறது என்று அந்நாட்டுத் தேசியக் காப்பகமே சொல்கிறது. மீதி குறிப்பிட்ட காலம் இருந்துவிட்டு அழிக்கப்படும். எது தங்க வேண்டும், எது போகலாம் என்று அளந்து பார்க்கும் இந்த வேலைக்கு மதிப்பீடு என்று பெயர். பேனா வாங்கிய ரசீது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் எதுவுமே தேட முடியாமல் போகும். எதை வேண்டுமானாலும் அழிக்கலாம் என்றாலோ அதிகாரத்தில் இருப்பவருக்குக் கொண்டாட்டம்.

அந்த இரண்டாவது நிலைமையைத்தான் ஜார்ஜ் ஆர்வெல் '1984' நாவலில் எழுதினார். வின்ஸ்டன் ஸ்மித் வேலை பார்ப்பது உண்மை அமைச்சகத்தின் பதிவுத்துறையில். பழைய நாளிதழை இன்றைய தேவைக்கேற்பத் திருத்தி, திருத்தியதை அடுக்கில் வைத்து, மூலத்தை ஒரு துளைக்குள் போட்டு எரித்துவிடுவது. பார்வைக்கு அவரும் ஆவணக் காப்பாளர்தான்: மேசை இருக்கிறது, கோப்பு இருக்கிறது, கவனமும் இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். நிஜக் காப்பாளர் அழித்தால் எதை, எந்த விதிப்படி, எந்தத் தேதியில் அழித்தேன் என்று எழுதி வைப்பார். வின்ஸ்டனின் வேலையில் அழித்ததற்கும் தடயம் இருக்காது.

போர்த்துகீசிய எழுத்தாளர் ஜோசே சரமாகு 1997-ல் எழுதிய 'எல்லாப் பெயர்களும்' என்ற பொருள்படும் நாவல் இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. பிறப்பு இறப்புப் பதிவகம் ஒன்றில் கடைநிலை எழுத்தர் செனோர் ஜோசே. இறந்தவர்களின் அட்டைகள் பெருகப் பெருகக் கட்டடத்தின் பின்சுவரை இடித்து இன்னும் தள்ளிக் கட்டிக்கொண்டே போகிறார்கள். ஒருமுறை ஒரு ஆய்வாளர் உள்ளே தொலைந்துபோனதிலிருந்து, பின்பகுதிக்குப் போகிற எழுத்தர்கள் காலில் நூல் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பிரபலங்களின் அட்டைகளைத் திருட்டுத்தனமாக எடுக்கப்போன இவர் கையில் முகம் தெரியாத ஒரு பெண்ணின் அட்டை ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது, வாழ்க்கையே மாறிப்போகிறது. கதை முழுக்க அபத்தம், ஆனால் பட்டியலில் ஒரு வரி என்பது ஒரு ஆள் என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன புனைவை நான் படித்ததில்லை.

வெள்ளைக் கையுறையை மறந்துவிட்டேனே. பழைய காகிதத்துக்குப் பெரும்பாலும் கையுறை தேவையில்லை; கையைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டால் போதும். துணிக்கையுறை போட்டால் விரலுக்குத் தொடு உணர்வு குறைந்து ஓரம் கிழிந்துவிடும். புகைப்படம் என்றால் போட்டுக்கொள்ளலாம். தூசியைப் பற்றி: காப்பகத்தில் ஊதுகிற அளவுக்குத் தூசி இருந்தால் அது பழமைக்கு அடையாளம் இல்லை, சம்பளமும் ஆளும் போதவில்லை என்பதற்கு அடையாளம்.

சுருள்களின் காப்பாளர்

சினிமாவே ஆவணமாகும்போது என்ன ஆகும்? நமக்கு நன்றாகத் தெரியும். முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படம் 'கீசக வதம்', அதுவும் இல்லை. அந்தக் காலத்துப் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், ஓடி முடிந்த படத்துக்கு மதிப்பும் கிடையாது, அதிலிருக்கும் வெள்ளிக்காகச் சுருள்களைக் கரைத்து எடுத்தவர்களும் உண்டு. புனேயில் இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் வந்தது 1964-ல்தான்.

அதைக் கட்டி எழுப்பியவர் பி.கே. நாயர், திருவனந்தபுரத்துக்காரர். நல்ல படம் மோசமான படம் என்று பார்க்காமல் சேர்க்க வேண்டும் என்ற கட்சி அவர். காகிதக் காப்பாளர்கள் செய்யும் மதிப்பீட்டுக்கு நேர் எதிர். இத்தனை போன பிறகு மிச்சத்திலும் எதைக் கழிப்பது என்று அவர் நினைத்திருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. தாதாசாகேப் பால்கேயின் குடும்பத்தாரைத் தேடிப் போய் அவருடைய படங்களின் மிச்சச் சுருள்களைக் கொண்டுவந்தவர். அவரைப் பற்றி சிவேந்திர சிங் துங்கர்பூர் 2012-ல் எடுத்த ஆவணப்படம் 'செல்லுலாய்ட் மேன்'. நான் பார்த்ததில் ஒரு ஆவணக் காப்பாளரைக் கதாநாயகனாகவே வைத்து எடுத்த அபூர்வமான படம் அது.

புனே திரைப்படக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது நாயரைப் பார்த்த நினைவைத் துங்கர்பூர் சொல்லியிருக்கிறார். படம் ஓடும், அரங்கம் இருட்டாக இருக்கும், மாணவர்கள் கதையில் மூழ்கியிருப்பார்கள். ஒரு ஓரத்தில் மட்டும் சின்ன டார்ச் ஒன்று விட்டு விட்டு எரியும். நாயர் ஒரு குட்டி நோட்டில் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார்.